இரு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள்? பைத்தானில் தேதிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்க ஒரே வரி போதும். அந்த வரியை எப்படி எழுதுவது என்று கேட்பவர்கள் குறைவு. "ஒரு நாள் குறைகிறதே", "பிறந்தநாளன்று வயது ஏறவில்லையே", "மணிக்கணக்கு உதைக்கிறதே" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை.

ஒரு சிறு குறிப்பு: ஆணைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 அதை ஏற்கும்.

இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டேட்டைம் என்ற மாட்யூல் (ஆயத்த நிரல்தொகுப்பு) பைத்தானுடனேயே வருகிறது. 2003இல் வெளிவந்த 2.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதிலுள்ள டேட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைக் கொடுத்தால் தேதி தயார்.

விடுதலை = டேட்(1947, 8, 15)
குடியரசு = டேட்(1950, 1, 26)
வேறுபாடு = குடியரசு - விடுதலை
வேறுபாடு.டேஸ் → 895

இந்தியா விடுதலை பெற்ற நாளுக்கும் குடியரசான நாளுக்கும் இடையே 895 நாட்கள். நடுவில் 1948 லீப் ஆண்டு. பிப்ரவரி 29ஐப் பைத்தானே கணக்கில் சேர்த்துக்கொண்டது. கழித்தலில் கிடைப்பது வெறும் எண்ணல்ல, டைம்டெல்டா என்ற தனி வகை. எண் வேண்டுமென்றால் அதன் டேஸ் பண்பைக் கேட்கவேண்டும்.

உள்ளே நடப்பது எளிது. பொது ஆண்டு 1இன் ஜனவரி 1ஆம் தேதிக்கு 1 என்று எண் கொடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் வரிசை எண் இருக்கிறது. டூஆர்டினல் என்ற ஆணை அந்த எண்ணைக் காட்டும். இரண்டு வரிசை எண்களின் வித்தியாசம்தான் விடை.

முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் சேருமா?

எனக்கு வரும் "பிழை" புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில்தான் முடிகின்றன. பைத்தானின் கழித்தலில் ஒரு முனை மட்டுமே சேரும். 1ஆம் தேதிக்கும் 5ஆம் தேதிக்கும் இடையே 4 என்று சொல்லும். 1ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை விடுப்பு எடுத்தவருக்கோ ஐந்து நாள் சம்பளம் போகும். விடுதி அறைக்கு இரவுகளை எண்ணினால் 4 சரி. விடுப்பு, முகாம், கண்காட்சி போன்றவற்றுக்கு 1 கூட்டவேண்டும்.

நம் வழக்கில் பெரும்பாலும் இரு முனையையும் சேர்த்தே எண்ணுகிறோம். பதினாறாம் நாள் காரியம் என்றால் முதல் நாளும் உட்பட. 48 நாள் விரதம் என்றால் மாலை போட்ட நாளே முதல் நாள். இப்படி எண்ணிப் பழகியவருக்குப் பைத்தானின் விடை எப்போதும் ஒன்று குறைவாகத்தான் தெரியும்.

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. இந்தியாவின் பொது உட்பிரிவுகள் சட்டம், 1897, ஒன்பதாம் பிரிவு: ஒரு நாள் "முதல்" என்று சொல்லித் தொடங்கும் கால அளவில் அந்த முதல் நாள் விலக்கப்படும், ஒரு நாள் "வரை" என்று முடியும் அளவில் கடைசி நாள் சேர்க்கப்படும். பைத்தானின் கழித்தலும் கிட்டத்தட்ட இதே போக்குத்தான். ஆகவே சட்டக் கெடு எண்ணும் நிரலுக்கு 1 கூட்டாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடகை நூலகத்துக்கு அபராதக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பதினான்கு நாள் தவணை. 1ஆம் தேதி எடுத்த புத்தகத்துக்கு நூலகர் 15 என்று முத்திரை குத்துவார். என் நிரல் எடுத்த நாளையும் சேர்த்து எண்ணி 14ஐக் கெடுவாக வைத்தது. முத்திரையில் இருந்த நாளிலேயே திருப்பிக் கொடுத்தவர்களிடம் ஒரு மாதம் முழுக்க அபராதம் வசூலாகியிருக்கிறது. நிரலை அரை நிமிடத்தில் திருத்திவிட்டேன். வசூலித்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கத்தான் நூலகர் இரண்டு வாரம் அலைந்தார். அதிலிருந்து, ஒரு வரி எழுதுவதற்கு முன்பே "இன்று எடுத்தால் எந்தத் தேதிக்குள் தரவேண்டும்?" என்று கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

விடை மைனஸில் வருகிறது. என்ன செய்வது?

முந்தைய தேதியிலிருந்து பிந்தையதைக் கழித்திருக்கிறீர்கள். வரிசை முக்கியமில்லை என்றால் ஏபிஎஸ் ஆணையால் குறியை நீக்கிவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கவேண்டாம்; காலாவதி தேதி கடந்துவிட்டதா என்பதை அந்த மைனஸ்தான் சொல்லும்.

நேரமும் கலந்தால் மைனஸ் விசித்திரமாகத் தெரியும். காலை 9 மணியிலிருந்து 10 மணியைக் கழித்தால் "மைனஸ் 1 நாள், 23 மணி" என்று அச்சாகும். தவறு ஒன்றுமில்லை. டைம்டெல்டா தன்னுள் நாள், விநாடி, மைக்ரோவிநாடி என்ற மூன்றை மட்டுமே வைத்திருக்கிறது. அவற்றில் நாள் மட்டுமே மைனஸாக இருக்கலாம் என்பது விதி. ஒரு நாள் பின்னே போய், 23 மணி முன்னே வந்தால் ஒரு மணி நேரம் பின்னேதானே!

செகண்ட்ஸ் என்று கேட்டேன். மிகக் குறைவாகக் காட்டுகிறதே?

செகண்ட்ஸ் என்பது முழு நாட்களை எடுத்தபின் மிஞ்சும் விநாடிகள். 1ஆம் தேதி இரவு 10 மணிக்குப் புறப்பட்ட லாரி 4ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு வந்து சேர்ந்தால், பயணம் 2 நாள் 5 மணி. செகண்ட்ஸ் பண்பு 18,000 என்று ஐந்து மணி நேரத்தை மட்டும் காட்டும். மொத்தமும் வேண்டுமானால் டோட்டல்_செகண்ட்ஸ் ஆணையைக் கூப்பிடுங்கள், 1,90,800 கிடைக்கும். அதை 3,600ஆல் வகுத்தால் 53 மணி நேரம்.

சோதனையின்போது ஒரே நாளுக்குள் அடங்கும் நேரங்களையே கொடுத்துப் பார்ப்பதால் இரண்டும் ஒரே விடை தரும். பிழை வெளியே தெரிவதே இல்லை, முதல் நீண்ட பயணம் வரும்வரை.

நேற்று இரவுக்கும் இன்று இரவுக்கும் நடுவே 0 நாள் என்கிறதே?

நேற்று இரவு 11 மணிக்கும் இன்று இரவு 10 மணிக்கும் இடையே 23 மணி நேரம்தான். ஒரு நாள் நிறையவில்லை. அதனால் 0. நாட்காட்டித் தாள் எத்தனை கிழிந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை என்றால், கழிப்பதற்கு முன் இரண்டிலிருந்தும் நேரத்தை வெட்டித் தேதியாக மாற்றுங்கள். டேட் ஆணை அதைச் செய்யும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் பைத்தான் கழிக்கவே மறுத்து டைப்எரர் கொடுக்கும். மறுப்பது நல்லதுதான்.

மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வேண்டும். டைம்டெல்டாவில் மந்த்ஸ் என்பதே இல்லையே?

இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. மாதம் ஓர் அளவு அல்ல. 28ஆகவும் இருக்கும், 31ஆகவும் இருக்கும். கை முழம் போல ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றால் வகுக்க முடியாது. விடையை 30ஆல் வகுத்து மாதம் என்று சொல்லும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். 895ஐ 30ஆல் வகுத்தால் 29.8. உண்மையில் அது 2 ஆண்டு, 5 மாதம், 11 நாள். அதாவது 29 மாதமும் 11 நாளும். ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டினால் ஏறத்தாழ ஒரு மாதமே கூடிவிடும்.

இதற்கு டேட்யூட்டில் என்ற லைப்ரரியை நிறுவி, அதிலுள்ள ரிலேட்டிவ்டெல்டாவைப் பயன்படுத்துங்கள். பிந்தைய தேதியை முதலிலும் முந்தையதை இரண்டாவதாகவும் கொடுத்தால் ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துத் தரும்.

அதோடு சிக்கல் தீர்ந்துவிடாது. 2024 ஜனவரி 31க்கும் பிப்ரவரி 29க்கும் இடையே எவ்வளவு? ரிலேட்டிவ்டெல்டா ஒரு மாதம் என்கிறது; ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாளில் நின்றுவிடும் என்பது அதன் வழி. ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியின் பீரியட் வகையிடம் அதே இரு தேதிகளைக் கொடுத்தால் 29 நாட்கள் என்கிறது. 31ஆம் தேதி வந்தால்தானே மாதம் நிறையும் என்பது அதன் வாதம். இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கை: அந்தப் பிப்ரவரி 29இலிருந்து ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 29க்குப் போகிறீர்கள், 31க்கு அல்ல. மாதக் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. தவணைத் தேதிகளைப் போன மாதத் தேதியிலிருந்து கணக்கிடாதீர்கள். எப்போதும் முதல் தேதியிலிருந்து ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டுங்கள். இல்லையேல் 31ஆம் தேதிக் கடன்காரர் மார்ச்சிலேயே 29க்கு நழுவிவிடுவார்.

வயதைக் கணக்கிட நாட்களை 365.25ஆல் வகுத்தால் போதாதா?

போதாது. 2001 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 2019 மார்ச் 1இல் 18 வயது நிறைகிறது. இடையே 6,574 நாட்கள். 365.25ஆல் வகுத்தால் 17.999; தசமத்தை வெட்டினால் 17. பதினெட்டாம் பிறந்தநாளன்றே "உனக்கு இன்னும் வயதாகவில்லை" என்று படிவம் திருப்பி அனுப்பிவிடும்.

சரியான வழி, நாம் வாயால் சொல்லும் வழிதான். இந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழி. இந்த ஆண்டுப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறை.

வயது = இன்று.இயர் - பிறப்பு.இயர் - ((இன்று.மந்த், இன்று.டே) < (பிறப்பு.மந்த், பிறப்பு.டே))

அடைப்புக்குறிக்குள் உள்ள ஒப்பீடு உண்மையானால் 1, பொய்யானால் 0 என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். பைத்தானில் எனக்குப் பிடித்த வரிகளில் இது ஒன்று.

பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு?

2004 பிப்ரவரி 29இல் பிறந்தவர் 2022இல் எப்போது பதினெட்டை எட்டினார்? மேலே சொன்ன வரி மார்ச் 1 என்கிறது. ரிலேட்டிவ்டெல்டா பிப்ரவரி 28 என்கிறது. ஒரே நிரலில் ஓரிடத்தில் அதையும் இன்னோரிடத்தில் இதையும் பயன்படுத்தினால் ஒரு நாள் முழுக்க அவர் பெரியவராகவும் சிறியவராகவும் இருப்பார். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஆணைக்குள் அடைத்து, எல்லா இடத்திலிருந்தும் அதையே கூப்பிடுங்கள். பிறந்த தேதியில் ஆண்டை மட்டும் ரீப்ளேஸ் ஆணையால் மாற்றி இந்த ஆண்டுப் பிறந்தநாளை உண்டாக்க முயன்றால், லீப் அல்லாத ஆண்டில் வேல்யூஎரர் வந்து நிரல் நின்றுவிடும்.

எதைத் தேர்வது என்பதை விதிப் புத்தகத்தில் பாருங்கள். சொந்த அறிவை நம்பவேண்டாம். இந்திய வயதுவந்தோர் சட்டம், 1875, பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து, பதினெட்டாம் ஆண்டு நிறைவு நாளின் தொடக்கத்திலேயே ஒருவர் உரிய வயதை அடைகிறார் என்கிறது. மத்திய அரசு ஊழியர் ஓய்வு விதி வேறு மாதிரி: ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் பணி முடியும், ஆனால் மாதத்தின் 1ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளிலேயே முடிந்துவிடும். ஜூலை 1இல் பிறந்தவர் ஜூன் 30இல் வீட்டுக்குப் போவார். ஜூலை 2இல் பிறந்தவருக்கு இன்னும் ஒரு மாதச் சம்பளம் உண்டு. ஓய்வுத் தேதி நிரல் எழுதுபவர் முதலில் சோதிக்கவேண்டிய பிறந்த தேதி இதுதான்.

தேதி எழுத்து வடிவில் வருகிறது. கழிக்க முடியவில்லையே?

எழுத்தை எழுத்திலிருந்து கழிக்க முடியாது. முதலில் தேதியாக மாற்றவேண்டும். ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவில் இருந்தால் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட் ஆணை ஒரே அடியில் மாற்றும், 3.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. மற்ற வடிவங்களுக்கு எஸ்டிஆர்பிடைம். எந்த இடத்தில் நாள், எந்த இடத்தில் மாதம் என்பதைச் சதவீதக் குறியோடு கூடிய எழுத்துகளால் அதற்குச் சொல்லித் தரவேண்டும்.

இங்கே மூன்று பள்ளங்கள். முதலாவது, மாதத்துக்குச் சிறிய "எம்". பெரிய "எம்" நிமிடத்தைக் குறிக்கும். மாற்றிப் போட்டால் பிழை ஏதும் வராது. "15/08/1947" என்பது 1947 ஜனவரி 15, நள்ளிரவு 12 மணி 8 நிமிடம் என்று அமைதியாக மாறிவிடும். ஜனவரித் தேதியை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இரண்டாவது, ஆண்டுக்குப் பெரிய "ஒய்" நான்கு இலக்கம், சிறிய "ஒய்" இரண்டு இலக்கம். இரண்டு இலக்கத்தில் 69 முதல் 99 வரை 1900களுக்கும், 00 முதல் 68 வரை 2000களுக்கும் போகும். 47 என்று எழுதிக் கொடுத்த தாத்தா 2047இல் பிறக்கப்போகிறார். வயது மைனஸில் வரும்.

மூன்றாவது, அமெரிக்க வழக்கு. அங்கே மாதம் முன்னால் வரும். 04/05 என்பது நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. கோப்பில் 12ஐத் தாண்டிய எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அது நாளாகத்தான் இருக்கமுடியும். எல்லாமே 12க்குள் இருந்தால் அனுப்பியவரைத்தான் கேட்கவேண்டும்.

நேர மண்டலம் சேர்ந்தால் என்ன ஆகும்?

இந்த இடத்தில் பைத்தான் மேலேயே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

மண்டலம் ஒட்டிய நேரத்திலிருந்து மண்டலம் ஒட்டாத நேரத்தைக் கழித்தால் டைப்எரர் வரும். நியாயம். இரண்டுக்கும் வெவ்வேறு மண்டலம் என்றால், இரண்டையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குக் கொண்டுவந்து கழிக்கும். அதுவும் நியாயம். ஆனால் இரண்டிலும் ஒரே மண்டலப் பொருள் இருந்தால், பைத்தான் மண்டலத்தைப் பார்ப்பதே இல்லை. கடிகாரம் காட்டும் எண்களை அப்படியே கழித்துவிடுகிறது. ஆவணத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்தான். இருந்தாலும், மெனக்கெட்டு மண்டலத்தை ஒட்டியவர் அது மதிக்கப்படும் என்றுதானே நினைப்பார்?

இந்திய நேரத்தில் இன்று கடிகாரத்தை முன்பின் நகர்த்துவதில்லை. அதனால் நமக்கு இது உறைப்பதில்லை. லண்டனில் 2024 மார்ச் 31 அதிகாலை 1 மணி நேராக 2 ஆனது. 30ஆம் தேதி நண்பகலுக்கும் 31ஆம் தேதி நண்பகலுக்கும் நடுவே கழிந்தது 23 மணி நேரம். பைத்தான் 24 என்கிறது. இரவுப் பணியாளருக்கு இந்த வித்தியாசம் சம்பளத்தில் தெரியும்.

இலங்கைத் தேதிகளைக் கையாள்பவர்களுக்கு இது இன்னும் அருகில் இருக்கிறது. 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, யுடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னதாக வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து ஆறு மணி ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் அரை மணி பின்னே போய்ப் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். ஆகவே 1996 மே 24 நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை கொழும்பில் 23 மணி நேரமே. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. மண்டலத் தரவில் ஏசியா/கொழும்பு என்ற ஒரே பெயர்தான் உண்டு. அந்த ஆண்டுகளில் வன்னியில் பிறந்த ஒரு குழந்தையின் ஜாதகத்துக்கு நேரம் மாற்றும்போது, "எந்த நேரம்?" என்று பெற்றோரைத்தான் கேட்கவேண்டியிருக்கும்.

செய்யவேண்டியது: 3.9 பதிப்பிலிருந்து பைத்தானோடு வரும் ஜோன்இன்ஃபோவைக் கொண்டு மண்டலத்தை ஒட்டுங்கள், கழிப்பதற்கு முன் இரண்டையும் அஸ்டைம்ஜோன் ஆணையால் யுடிசிக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். விண்டோஸில் டிஇசட்டேட்டா தொகுப்பையும் தனியாக நிறுவவேண்டியிருக்கும்.

லீப் விநாடிகள்?

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகக் கடிகாரத்தில் எப்போதாவது சேர்க்கும் ஒரு விநாடிதான் லீப் விநாடி. பைத்தானின் டேட்டைம் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. 1972 முதல் 2016 டிசம்பர் 31 வரை 27 லீப் விநாடிகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் ஒன்றும் இல்லை. விண்வெளிக் கலத்துக்கு நிரல் எழுதாதவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

மிகப் பழைய தேதிகளை நம்பலாமா?

பைத்தான் ஆண்டு 1 முதல் 9999 வரை தேதிகளை ஏற்கும். ஆனால் இன்றைய கிரெகோரியன் நாட்காட்டியையே பின்னோக்கியும் நீட்டிக்கொள்ளும். பழைய நாட்காட்டியிலிருந்து இதற்கு மாறியபோது ரோமில் 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பைத்தானிடம் கேட்டால் அவற்றுக்கு இடையே 11 நாள் என்கும்.

இது ஐரோப்பியர் கவலை மட்டுமல்ல. பிரான்ஸ் 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறியது. பிரிட்டன் தன் ஆட்சிப் பகுதிகளோடு 1752 செப்டம்பரில்தான் மாறியது. இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரிக்கு ஒரு தேதி, சென்னைக்கு ஒரு தேதி. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. நடந்தது ஒரே நாளில். இரு தரப்புக் கடிதங்களையும் ஒரே அட்டவணையில் போட்டுத் தேதியைக் கழித்தால், பதில் கடிதம் கேள்விக்கு முன்பே வந்து சேர்ந்ததாகக்கூட விடை வரலாம். 1700 மார்ச் முதல் 1752 செப்டம்பர் வரையுள்ள ஆங்கிலப் பதிவுகளுக்கு 11 நாள் கூட்டிவிட்டுக் கழியுங்கள். 1700க்கு முந்தையவற்றுக்கு 10 நாள்.

வேலை நாட்களை மட்டும் எண்ண முடியுமா?

நம்பை லைப்ரரியில் பஸ்டே_கவுண்ட் இருக்கிறது. சனி, ஞாயிறு நீக்கி எண்ணும். விடுமுறைப் பட்டியலையும் கொடுக்கலாம். கடைசித் தேதியைச் சேர்க்காது என்பதை மறக்கவேண்டாம்.

இந்திய வங்கி நாட்களுக்கு ஒரு முள் இருக்கிறது. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்றவை வேலை நாள். வாரத்தின் எந்தக் கிழமை விடுமுறை என்று மட்டுமே நம்பையிடம் சொல்ல முடியும். "இரண்டாவது சனி" என்று சொல்ல வழியில்லை. சனியை வேலை நாளாக அறிவித்துவிட்டு, அந்த இரண்டு சனிகளின் தேதிகளையும் விடுமுறைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ரம்ஜான் போலப் பிறை பார்த்து மாறும் விடுமுறைகளுக்காகப் பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.

மற்ற மொழிகளிலும் இப்படித்தானா?

ஜாவாஸ்கிரிப்டில் கழித்தால் மில்லிவிநாடி வரும், 8,64,00,000ஆல் வகுக்கவேண்டும். கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் முழு எண் வராது; வெட்டாமல் முழுதாக்குங்கள். அங்கே மாதம் 0இலிருந்து தொடங்கும். எண்களாகக் கொடுக்கும்போது 1 என்றால் பிப்ரவரி.

ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து குரோனோயூனிட் இருக்கிறது. நாட்கள் வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துங்கள். பீரியட் வகையிடம் நாட்களைக் கேட்டால், நம் முதல் எடுத்துக்காட்டுக்கு 895 அல்ல, 11 என்று சொல்லும். ஆண்டும் மாதமும் போக மிஞ்சியதாம்! பிஎச்பியிலும் அதே கதை: "டி" என்ற பண்பு 11 தரும், "டேஸ்" 895 தரும்.

தரவுத்தளங்களில் மையெஸ்க்யூஎல்லின் டேட்டிஃப் பிந்தைய தேதியை முதலில் கேட்கும். எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் முந்தையதை முதலில் கேட்கும். எஸ்க்யூஎல் சர்வரில் ஆண்டு வித்தியாசம் கேட்டால் டிசம்பர் 31க்கும் மறுநாள் ஜனவரி 1க்கும் இடையே 1 என்கும். எத்தனை எல்லைக் கோடு தாண்டினோம் என்றுதான் அது எண்ணுகிறது. அதை வைத்து வயது கணக்கிட்ட மென்பொருளைத் திருத்தும் பாக்கியம் எனக்கு ஒருமுறை கிடைத்தது.

எக்செல் 1900ஐ லீப் ஆண்டாக நினைக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் பிழையை, கோப்புகள் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொண்டது. 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகளை அதனிடம் கொடுக்காதீர்கள்.

விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

கிழமையை வைத்துப் பாருங்கள். நாட்களை 7ஆல் வகுத்து மீதியைக் கிழமையோடு கூட்டினால் பொருந்தவேண்டும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளி. 895ஐ 7ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். 1950 ஜனவரி 26 வியாழன்தான். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஏழு ஏழாகப் பிசகினால் மட்டும் தெரியாது.

தமிழ்த் தேதிகளுக்கு இடையே நேரடியாகக் கணக்கிட முடியுமா?

பைத்தானோடு வரும் மாட்யூல்களில் முடியாது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை ஒட்டிப் பிறக்கிறது. ஆனி 32 நாள் வரை நீளும். மார்கழி 29 நாளிலும் முடிந்துவிடும். மாதப் பிறப்பு வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளும் திருக்கணிதத்தில் மறுநாளும் அமைவதுண்டு. ஆண்டுப் பெயரோ அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும்: குரோதி ஆண்டு என்றால் 1964இல் தொடங்கியதா, 2024இல் தொடங்கியதா? இரண்டு தேதிகளையும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொண்டு, பிறகு கழியுங்கள். பழைய பத்திரத்தில் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அதில் எழுதியிருக்கும் கிழமையைத் தேடுங்கள். அறுபது ஆண்டு தள்ளினால் கிழமை மாறிவிடும். எந்தக் குரோதி என்று அநேகமாக அதுவே சொல்லிவிடும்.